தொண்ணூற்றாறு டம்மிகள்

சின்சு காவல் இல்லம்
2015 டிசம்பர் 1

ஆ-சாங்,

நலம் கேட்டு எழுதவில்லை. உன் தாடை இரண்டு இடத்தில் உடைந்திருக்கிறது, கீழ்ப்பல் மூன்று போய்விட்டது என்று வக்கீல் படித்துக் காட்டினாள். அடித்தவனுக்கு அதைப் படித்துக் காட்டத் தேவையில்லை.

வக்கீல் இளம்பெண். "ஐயா, ஒரு மன்னிப்புக் கடிதம் எழுதிக் குடுங்க. நீதிபதி பாத்தார்னா ரெண்டு மாசம் கொறையும்" என்றாள். "எழுதலேன்னா எத்தன மாசம் கூடும்னு கேட்டுட்டு வா, அதுக்குச் சம்மதம்" என்றேன். பேனாவை மூடிவிட்டாள். தாளை மட்டும் விட்டுப் போனாள். அதில்தான் எழுதுகிறேன்.

நடந்ததை ஒருமுறை எழுதிவைக்கிறேன், பின்னால் நீ மாற்றிச் சொல்லக்கூடாது. நவம்பர் பதினேழு, காலை. மூன்று வருடம் கழித்து அந்த ஆய்வகத்துக்குள் கால் வைத்தேன். நீ மைக்ராஸ்கோப்பில் குனிந்திருந்தாய். நீதிமன்றத்துக்குக் கம்பெனி கொடுத்த அறிக்கையின் நகலை உன் முன்னால் போட்டேன்.

"இதுல இருக்கிறது உன் கையெழுத்தா?"

"ஆமா அண்ணே. ஆனா..."

ஆனாவுக்குப் பிறகு என்ன இருந்தது என்று எனக்குத் தெரியாது. மேசையில் ஒரு மைக்ராஸ்கோப்பின் இரும்புப் பாதம் கழற்றிக் கிடந்தது. மூன்று கிலோ இருக்கும். ஒருமுறைதான் அடித்தேன். இரண்டாவது அடிக்குள் என்னைப் பிடித்துவிட்டார்கள்; இல்லாவிட்டால் அதுவும் விழுந்திருக்கும்.

இந்தக் கடிதத்தை உனக்கு முன்னால் இங்குள்ள அதிகாரி படிப்பார். அவருக்கும் புரியட்டும். தகடு வெட்டும் பிரஸ் மிஷினுக்கு முன்னால் ஒளித்திரை என்று ஒன்று உண்டு. ஒரு தூணிலிருந்து மறு தூணுக்குக் கண்ணுக்குத் தெரியாத ஒளிக்கதிர்கள் போகும். கை குறுக்கே வந்தால் கதிர் அறுபடும், மிஷின் நிற்கும். கதிர் வருகிறதா இல்லையா என்று தீர்மானிப்பது என் சிப். 1999இல் நான் வரைந்தது. ரேடியோ ரிப்பேர்க் கடையில் நின்றபடியே படித்தவன் நான். ஒன்பதாம் வகுப்போடு சரி. கம்பெனியின் பழைய உற்பத்தி லைனில் பதின்மூன்று வருடம் அந்தச் சிப் ஓடியது. ஒருவர் நகம்கூடப் பெயரவில்லை.

2012இல் பழைய லைனை மூடினார்கள். என்னை வீட்டுக்கு அனுப்பினார்கள். என் சுற்றை நீ புதிய லைனுக்கு மாற்றினாய். இந்த வருடம் பிப்ரவரியில் ட்ரான் வான் லாப் என்ற வியட்நாம் பையனின் நான்கு விரல்களைப் பிரஸ் வெட்டியது. உங்கள் அறிக்கை என்ன சொல்கிறது? "குறைபாடு மூல வடிவமைப்பிலேயே உள்ளது. வடிவமைத்தவர் முறையான பொறியியல் கல்வி பெறாதவர்."

மாற்றிக் கெடுத்தது நீ என்று நீதிமன்றத்துக்கு எழுதிக் கொடு. அதுவரை எனக்கும் உனக்கும் பேச்சு இல்லை.

ஃபான் தெ-ஷூய்

*

சின்சு
2015 டிசம்பர் 9

மதிப்பிற்குரிய ஃபான் அண்ணனுக்கு,

தாடையைக் கம்பி போட்டு மூடியிருக்கிறார்கள். இன்னும் ஐந்தாறு வாரத்துக்குப் பேச முடியாது. மீன் கஞ்சியைக் குழாயில் உறிஞ்சுகிறேன். வாந்தி வந்தால் கம்பியை வெட்டுவதற்கு என் மனைவி ஒரு குறடு எப்போதும் பையில் வைத்திருக்கிறாள். ஆனால் எழுத முடிகிறது. உண்மையைச் சொன்னால், உங்களிடம் பேசுவதைவிட எழுதுவது எனக்கு எளிதாக இருக்கிறது.

மன்னிப்புக் கடிதத்தை நான் கேட்கவில்லை. கல்வி பற்றிய அந்த வரி மேலாளர் எழுதியது. கையெழுத்து என்னுடையது. போட்டிருக்கக் கூடாது.

அந்த அறிக்கைக்காக நான் பதினோரு நாள் சோதித்தேன். ட்ரானின் மிஷினிலிருந்து எடுத்த இரண்டு சிப்களும் என்னிடம் இருக்கின்றன. ஒன்று தூங்கினால் இன்னொன்று காப்பாற்றட்டும் என்று திரையில் இரண்டு வைப்பார்கள். அன்று காலை ஏழு டிகிரி. இரண்டும் சேர்ந்து பொய் சொல்லிவிட்டன. பிற்பகலில் ஆய்வாளர்கள் வந்து சோதித்தபோது இரண்டும் சரியாக வேலை செய்தன. குளிர்ப்பெட்டியில் ஐந்து டிகிரிக்கு இறக்கி இருநூறு முறை இயக்கிப் பார்த்தேன். இருநூறு முறையும் விழித்துக்கொண்டன.

விழிப்பது என்று சொல்கிறேன். உங்கள் அதிகாரிக்காகச் சொல்கிறேன்: சிப்புக்குள் ஓர் அளவுகோல் மின்னழுத்தம் உண்டு. வரும் ஒளியை அதோடு ஒப்பிட்டுத்தான் வெளிச்சமா இருட்டா என்று முடிவாகும். அந்த அளவுகோலுக்கு இரண்டு நிலைகள்: விழித்திருக்கலாம், பூஜ்யத்தில் தூங்கலாம். தூங்கினால் எந்த இருட்டும் பூஜ்யத்தைவிடப் பெரிதாகத் தெரியும். கை குறுக்கே இருந்தாலும் "வெளிச்சம் வருகிறது" என்றுதான் சிப் சொல்லும்.

எந்த வடிவமைப்பாளரும் அதைத் தட்டி எழுப்ப ஒரு சிறு சுற்று வைப்பார். உங்கள் வரைபடத்தில் அப்படி ஒன்று இல்லை. இருந்தும் பதின்மூன்று வருடம் அது விழித்தது.

ஒரு கேள்விதான். உங்கள் சுற்றை எழுப்புவது எது?

புதிய சிப் ஆறாயிரத்து இருநூறு திரைகளில் இருக்கிறது. போன வாரம் பார்க்க வந்தேன். நீங்கள் மறுத்துவிட்டதாகச் சொன்னார்கள்.

பெங் ஹுவான்-சாங்

*

சின்சு காவல் இல்லம்
2015 டிசம்பர் 18

ஆ-சாங்,

இரண்டு வாரத்துக்குத் தனி அறையில் போட்டிருக்கிறார்கள். காரணம் உன் கடிதம்.

ஒன்பது பேர் படுக்கும் அறை. அதில் ஒருவன் பாக்குக் கறை பிடித்த பல்லோடு எப்போதும் சிரித்துக்கொண்டிருப்பான். நான் உன் கடிதத்தைப் படிக்கும்போது, "என்ன சிப்பு தாத்தா, லவ் லெட்டரா? அவ பல்லை நீதான் ஒடச்சியாமே. அப்படியும் எழுதறாளா?" என்றான். எனாமல் குவளையால் மூக்கில் போட்டேன். ரத்தம் உன் கடிதத்தின் மேல் தெறித்தது. இருநூறு முறை என்ற இடத்தில் கறை இருக்கிறது. அவனும் சும்மா இல்லை, என் விலா எலும்பு ஒன்று போயிருக்கிறது. மூச்சு விட்டால் குத்துகிறது. அறுபத்தேழு வயதில் குத்தட்டும்.

எழுப்புவது எது என்று என்னையா கேட்கிறாய்? உன் கணினியைக் கேள். நீ வந்த முதல் வருடம் என்ன சொன்னாய் என்று ஞாபகம் இருக்கிறதா? "அண்ணே, இனிமே கையால கணக்குப் போட வேணாம், எல்லாத்தையும் மிஷின் சொல்லிடும்." சொல்லட்டும்.

என் நோட்டைத் திருட்டுத்தனமாகத் திறந்தவனும் நீதானே. 2003. இரும்பு மேசையின் இழுப்பறையில் உன் கை இருக்கும்போதே உதைத்து மூடினேன். இரண்டு விரல் உடைந்தது. அதற்குப் பிறகு அந்த மாடியில் ஒருவரும் என் மேசையைத் தொடவில்லை. ஒருவரும் வந்து கேள்வியும் கேட்கவில்லை. வேலை நிம்மதியாக நடந்தது.

நான் மரியாதை தெரியாதவன் என்று மேலாளர் சொல்வாராம். மாதம் இரண்டு முறை நிலத்தெய்வத்துக்குப் படையல் வைக்கும்போது எல்லாருக்கும் முன்னால் என்னைத்தான் ஊதுபத்தி ஏற்ற வைத்தார்கள். லைன் ஓட வேண்டுமே. லைன் மூடியதும் வீட்டுக்கு ஒரு பெட்டி ஆரஞ்சு அனுப்பினார்கள்.

முதலில் நீதிமன்றத்துக்கு எழுது. பிறகு கேள்.

ஃபான் தெ-ஷூய்

*

சின்சு
2016 ஜனவரி 8

ஃபான் அண்ணனுக்கு,

எனக்குத் தெரியாததை நீதிமன்றத்தில் எழுதித் தர முடியாது. நான் செய்ததை எழுதுகிறேன். எங்கே கெடுத்தேன் என்று நீங்களே காட்டுங்கள்.

பழைய லைனில் ஐந்து வோல்ட், புதிய லைனில் மூன்றேகால். உங்கள் முந்நூற்றுப் பன்னிரண்டு டிரான்சிஸ்டர்களில் ஒன்றைக்கூட அப்படியே சுருக்கவில்லை. ஒவ்வொன்றின் நீள அகலத்தையும் புதிதாகக் கணக்கிட்டேன். ஐந்து மாதம் ஆயிற்று. உங்கள் வரைபடம் அழகாக இருந்தது, அதையும் சொல்லவேண்டும். மின்தடைகளை வேறு பொருளுக்கு மாற்றினேன். ஓரங்களில் வேலை செய்யாமல் நின்ற 96 டம்மிகளைக் கணினி நிரல் நீக்கிவிட்டு, புதிய லைனின் விதிப்படி புதிய டம்மிகளை வைத்தது. சூட்டிலும் குளிரிலும் கணினியில் ஓட்டிப் பார்த்தேன். எல்லாம் சரியாக வந்தது.

நேற்று ட்ரானைப் பார்க்கப் போனேன். விடுதி அறையில் இடது கையால் நூடுல்ஸ் சாப்பிடப் பழகிக்கொண்டிருந்தான். என் வாயைப் பார்த்துவிட்டு, "உங்களையும் மிஷினா சார்?" என்று கேட்டான். இல்லை என்று தலையாட்டினேன்.

"எங்க ஓனர் என்ன சொல்றாரு தெரியுமா சார்? மிஷின் மேல ராசிக்குன்னு பச்சக் கலர் பொரிப் பொட்டலம் வெச்சிருந்தாங்கல்ல, மிஷின் சொன்ன பேச்சு கேக்கணும்னு. அது தேதி முடிஞ்சு ரெண்டு மாசம் ஆச்சாம். அதான் வெட்டிடுச்சாம். பொட்டலத்த மாத்தறது என் வேலையாம். அதனால தப்பு என்னோடதாம்."

சிரித்தான். நான் சிரிக்க முயன்றதில் கம்பி ஈறில் ஏறிவிட்டது.

அறிக்கை உங்கள் மேல் போடுகிறது, ஓனர் பொட்டலத்தின் மேல் போடுகிறார். விரல் போனவன் இவர்கள் சொல்வதை எல்லாம் உட்கார்ந்து கேட்கிறான். மறுபடியும் குளிர்காலம் வந்துவிட்டது, அண்ணே.

ஹுவான்-சாங்

*

சின்சு சிறை
2016 ஜனவரி 14

ஆ-சாங்,

உன் கடிதம் 11ஆம் தேதி வந்தது. தீர்ப்பும் வந்துவிட்டது, ஒரு வருடம் நான்கு மாதம். போன வாரமே இடம் மாற்றிவிட்டார்கள். இங்கே காகிதப் பை ஒட்டுகிறோம்.

டம்மிகள் எத்தனை என்று எழுதியிருக்கிறாய்? அந்த இடத்தில் சூப் சிந்திவிட்டது. எண்ணைத் தெளிவாக எழுது.

வேறு எதற்கும் பதில் சொல்ல எனக்குக் கடமை இல்லை. நான் வாயைத் திறந்தால் அதை அப்படியே எடுத்து உன் மேலாளர் என் கழுத்தில் கட்டுவார். அந்த ஆளை எனக்கு இருபது வருடமாகத் தெரியும்.

ஃபான்

*

சின்சு
2016 ஜனவரி 20
விரைவுத் தபால்

ஃபான் அண்ணனுக்கு,

96. எழுத்தாலும் எழுதுகிறேன்: தொண்ணூற்றாறு.

வானிலை அறிக்கை கேட்டிருப்பீர்கள். சனி, ஞாயிறு, திங்கள் மூன்று நாளும் கடுங்குளிர். சமவெளியிலேயே நான்கு டிகிரி. உங்கள் ஊர் சூடுங் பக்கத்துக் குன்றுகளில் பனி விழும் என்கிறார்கள். திங்கட்கிழமை காலை, இரண்டு நாள் குளிரில் கிடந்த ஆறாயிரம் மிஷின்களை ஒரே நேரத்தில் போடுவார்கள்.

கம்பியை எடுத்துவிட்டார்கள். இன்று ஒளித்திரைக் கம்பெனி முதலாளியை நேரில் போய்ப் பார்த்தேன். "நிறுத்தச் சொல்லுங்க" என்றேன். வாய் சரியாகத் திறக்கவில்லை. மூன்று முறை சொல்லவேண்டியிருந்தது.

"என்ன காரணம்னு சொல்லட்டும்?"

"தெரியல."

"தெரியலையா? பொத்தாம்பொதுவா ஆறாயிரம் மிஷின நிறுத்துன்னா, பிரஸ் கடைக்காரனுங்க என்னை அந்த மிஷின்லயே வெச்சு அமுக்கிடுவானுங்க. காரணத்தக் கொண்டு வா. ஒரு வரி போதும். அடுத்த நிமிஷம் நிறுத்தறேன்."

ஒரு வரி போதும், அண்ணே. உங்கள் சுற்றை எழுப்புவது எது?

உங்களைப் பற்றி எதையும் யாரிடமும் சொல்லமாட்டேன். வேண்டுமானால் மாற்றியவன் கெடுத்தான் என்று நீங்கள் கேட்டபடியே எழுதிக் கையெழுத்துப் போடுகிறேன். பொய்யாக இருந்தாலும் பரவாயில்லை. தாளை இத்துடன் வைத்திருக்கிறேன், பாருங்கள்.

ஹுவான்-சாங்

*

சின்சு சிறை
2016 ஜனவரி 24, ஞாயிறு

ஆ-சாங்,

தொண்ணூற்றாறில் நான்கு டம்மி இல்லை.

உன் கடிதம் நேற்று வந்தது. நீ கையெழுத்துப் போட்ட தாளைக் கிழித்துவிட்டேன்.

இங்கே இருக்கிற துணியை எல்லாம் ஒருவன்மேல் ஒருவன் போர்த்திக்கொண்டு கிடக்கிறோம். விரல் விறைக்கிறது, எழுத்து கோணலாக வரும். ஜன்னல் கம்பியைத் தொட்டால் தோல் எரிகிறது. இதைவிடக் குளிரில் ஒரு சிப் எப்படி விழிக்கும் என்று காலையிலிருந்து நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

அதிகாரிக்காக: அமிலத்தில் அரிக்கும்போது வரிசையின் ஓரத்தில் நிற்கும் டிரான்சிஸ்டர்கள் கோணலாகிவிடும். அதனால் வேலை செய்யும் வரிசைக்கு இரண்டு பக்கமும் வேலை செய்யாதவற்றை நிறுத்துவோம், அடி அவற்றின் மேல் விழட்டும் என்று. அவைதான் டம்மி. சரிபார்க்கும் நிரல்கூட டம்மிகளைக் கண்டுகொள்ளாமல் போய்விடும்.

1997இல் என் முந்தைய சிப்பின் கோப்புகளை உள்ளே இருந்த ஒருவன் திருடி எதிர்க் கம்பெனிக்குக் கொடுத்தான். எட்டு மாதத்தில் என் சிப் அவர்கள் பெயரில் வந்தது. இரண்டு வருடம் கழித்து இதை வரைந்தபோது எழுப்பும் சுற்றை வரைபடத்தில் போடவே இல்லை. சிப்பில் எது எங்கே நிற்கும் என்று காட்டும் லேஅவுட்டில் மட்டும், வடக்கு வரிசையின் கடைசியில், நான்கு டிரான்சிஸ்டராக நிறுத்தி, டம்மி என்று பெயர் போட்டேன். வரைபடத்தைத் திருடிச் செய்தால் சிப் வேலை செய்யும். வெயில் காலத்தில் கசிவு மின்சாரமே அதை எழுப்பிவிடும். கணினியில் ஓட்டினாலும் தெரியாது. கணினி விழித்திருக்கும் நிலையைத்தான் முதலில் கண்டுபிடிக்கும். குளிரில் மட்டும் செத்துப்போகும். திருடனுக்கு வைத்த கண்ணி அது.

திரைக்கு அந்தப் பக்கம் கை இருக்குமே என்று நினைக்கவில்லையா என்று கேட்பாய். நினைத்தேன். திருடனிடம் வாங்கியவன் கைதானே, எனக்கென்ன என்று நினைத்தேன்.

உன் குளிர்ப்பெட்டியில் ஏன் விழித்தது தெரியுமா? ஆய்வகத்தில் மின்சாரத்தைச் சட்டென்று போடுகிறாய். அந்த அதிர்ச்சியிலேயே அது எழுந்துவிடும். பழைய பிரஸ் மிஷினில் மின்சாரம் கிழவன் எழுந்திருப்பதுபோல மெதுவாக ஏறும். ஐந்து டிகிரியில் வைத்து, மின்சாரத்தைப் பூஜ்யத்திலிருந்து மெதுவாக, இரண்டு நொடியில் ஏற்று. தூங்கும்.

நான்கின் அளவுகளும் இணைப்பும் பின்பக்கம் வரைந்திருக்கிறேன். புதிய லைனுக்கு நீதான் கணக்கிட வேண்டும். அதற்கு முன்னால் எல்லாவற்றையும் நிறுத்தச் சொல்.

பதினோராம் தேதி உன் கடிதத்தில் தொண்ணூற்றாறு என்று படித்த அந்த நிமிடமே எனக்குத் தெரியும். சூப் எதுவும் சிந்தவில்லை.

ஃபான் தெ-ஷூய்

*

சின்சு
2016 ஜனவரி 30

ஃபான் அண்ணனுக்கு,

உங்கள் கடிதம் செவ்வாய்க்கிழமை பதினொரு மணிக்கு என் கைக்கு வந்தது. பதினொன்றரைக்கு முதலாளி நிறுத்தினார், சொன்ன சொல் தவறவில்லை. மாலைக்குள் ஆறாயிரம் மிஷினும் நின்றன.

திங்கட்கிழமை காலை எட்டு பத்துக்கு, ஷென்காங்கில் மிதிவண்டிச் செயின் தகடு அடிக்கும் ஒரு சின்னப் பட்டறையில், லியாவ் த்ஸாய்-யுன் என்ற பெண்ணின் வலது கை மணிக்கட்டோடு போயிற்று. பட்டறைக்காரரின் மனைவி. நாற்பத்து நான்கு வயது. முதல் தகடு கோணலாக உட்கார்ந்தது என்று கையை உள்ளே விட்டிருக்கிறார். திரையில் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. எண்பது டன் பிரஸ். தையல் போட எதுவும் மிஞ்சவில்லை.

புதன்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போனேன். யார் என்று கணவர் கேட்டார். "அந்தத் திரைக்குள்ள இருக்கிற சிப்ப செஞ்சவன்" என்றேன். அவர் என்னைச் சுவரோடு சாய்த்துவைத்து அடித்தார். நீங்கள் அடித்த அதே பக்கம். கம்பி எடுத்துப் பத்து நாள்தான் ஆகியிருந்தது. மறுபடியும் கம்பி போட்டிருக்கிறார்கள். நர்ஸ்கள் இழுத்த பிறகு அவர் நடைபாதையில் உட்கார்ந்து, "அவ வேணாம்னுதான் சொன்னா. கை மரத்துப் போச்சு, டீ குடிச்சிட்டுப் போடலாம்னா. நான்தான் திட்டினேன்" என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார்.

நீங்கள் சொன்னபடி இரண்டு நொடியில் ஏற்றிப் பார்த்தேன். நாற்பது சிப்பில் முப்பத்தொன்று தூங்கின. உங்கள் நான்கை வெளியிலிருந்து கம்பியால் இணைத்தேன். நாற்பதும் விழித்தன.

இனி நான் சொல்லாததைச் சொல்லவேண்டும். நீங்கள் பதின்மூன்று நாள் மறைத்தீர்கள். நான் மூன்றரை வருடம்.

டம்மிகளை நிரல் நீக்கியது என்று எழுதினேன். நீக்குவதற்கு முன்னால் அது என்னிடம் கேட்டது. வடக்கு வரிசையில் நான்கு டம்மிகளில் இணைப்பு இருக்கிறது, நீக்கலாமா என்று. பெரிதாக்கிப் பார்த்தேன். டம்மிக்குக் கம்பி எதற்கு? வேலை இல்லாதவனுக்கு யாரும் அழைப்பு மணி வைக்கமாட்டார்கள். ஏதோ இருக்கிறது என்று தெரிந்தது. என்ன என்றுதான் தெரியவில்லை. உங்கள் வீடு ஸ்கூட்டரில் இருபது நிமிடம். உங்கள் எண் ஆய்வகச் சுவரில் இன்னும் ஒட்டியிருந்தது. போனை எடுத்தேன், அண்ணே. எடுத்த கையில் அந்த இரண்டு விரல்களும் இருந்தன. அவை இன்றும் முழுதாக மடங்குவதில்லை.

போனை வைத்துவிட்டேன். ஆம் என்று அழுத்தினேன்.

ட்ரானுக்கு விரல் போன அன்றே அந்த நான்கும் நினைவுக்கு வந்தன. அறிக்கை எழுதும்போதும் வந்தன. டிசம்பரில் உங்களிடம் சுற்றி வளைத்துக் கேட்டேனே, அப்போதும் வந்தன. நான்கில் கம்பி இருந்தது என்று நேராக எழுதியிருந்தால் நீங்கள் அன்றே புரிந்துகொண்டிருப்பீர்கள். பார்த்தும் அழித்தவன் என்று தெரிந்தால் என்ன செய்வீர்களோ என்று விட்டுவிட்டேன். நீங்கள் சிறையில் இருக்கிறீர்கள், நான் வீட்டில் கதவைப் பூட்டிக்கொண்டு எழுதுகிறேன், அப்படியும் பயம்.

இரண்டையும் நீதிமன்றத்தில் சொல்லப்போகிறேன், நீங்கள் வைத்ததையும் நான் அழுத்தியதையும். கம்பெனியிலிருந்து விலகிவிட்டேன். மேலாளர் ஆள் அனுப்பிப் பார்த்தார். வந்தவன் என் வாயைப் பார்த்துவிட்டு, இதற்கு மேல் அடிக்க இடமில்லை என்று போய்விட்டான்.

ஹுவான்-சாங்

*

சின்சு சிறை
2016 பிப்ரவரி 15

ஆ-சாங்,

சந்திரப் புத்தாண்டுக்குப் பன்றி இறைச்சியும் இனிப்பு அரிசி அப்பமும் கொடுத்தார்கள். சாப்பிட்டேன். சாப்பிடவில்லை என்று எழுதினால் நீ நம்பமாட்டாய்.

ஞாயிறு எழுதியது செவ்வாய் ஏன் வந்தது என்று நீ கேட்கவில்லை. சொல்லிவிடுகிறேன். எழுதி முடித்ததும் காவலரைக் கூப்பிட்டு, "இத இப்பவே போன்ல படிக்கணும்" என்றேன்.

"ஞாயித்துக்கெழம தாத்தா. நாளைக்கு ஆபீஸ் தொறந்து, படிச்சுப் பாத்து, முத்திரை போட்டுத்தான் போகும்."

"நாளைக்குக் கை போயிடும்யா."

"யார் கை?"

யார் கை என்று எனக்குத் தெரியவில்லை. அதனால் அவர் நம்பவில்லை. கதவை நெற்றியால் இடித்தேன். நான்கு பேர் வந்து தரையில் போட்டு முழங்காலால் அழுத்தினார்கள். ஒருவன் மணிக்கட்டைக் கடித்தேன். ஆறிக்கொண்டிருந்த விலா மறுபடி முறிந்தது. இந்தக் கிழவன் அடிப்பதற்குத்தான் கத்துகிறான் என்று முடிவு செய்துவிட்டார்கள். அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது. வந்த நாளிலிருந்து அதற்குத்தான் கத்தியிருக்கிறேன்.

ஆனால் பதினோராம் தேதி திங்கட்கிழமை. அலுவலகம் திறந்திருந்தது. அன்று நான் கத்தவில்லை. காகிதப் பை ஒட்டினேன்.

நீதிமன்றத்துக்கு நானும் எழுதி அனுப்பிவிட்டேன். நகல் எடுக்க விடவில்லை, நினைவிலிருந்து எழுதுகிறேன்: "இருவர் கையையும் வெட்டிய சிப்பில் கண்ணி வைத்தவன் நான். முறையான கல்வி இல்லாததால் நேர்ந்த பிழை என்று கம்பெனி சொல்வது பொய். பிழை எதுவும் நேரவில்லை. நன்றாகத் தெரிந்து, கணக்குப் போட்டு, குளிரில் சாகும்படி செய்தேன். சொன்னபடி செத்தது. அதற்குப் பட்டம் தேவைப்படவில்லை." இதைப் படித்த வக்கீல் பெண் அழுதுவிட்டாள். மாற்றச் சொன்னாள். மாற்றவில்லை.

உன்னிடமும் மன்னிப்புக் கேட்கமாட்டேன். கேட்டால் கோப்பில் சேர்த்து இரண்டு மாதம் குறைத்துவிடுவார்கள். அந்த இரண்டு மாதம் எனக்கு வேண்டும்.

கேள். அதே வேலையை இன்னும் மூன்று சிப்களில் செய்திருக்கிறேன். ஒன்று லிஃப்ட் கதவுக்கு, ஒன்று எரிவாயு அடுப்பை அணைப்பதற்கு, ஒன்று மின்சார ஸ்கூட்டர் பேட்டரிக்கு. 2001, 2004, 2006. மூன்றும் புதிய லைனுக்குப் போய்விட்டன. யார் மாற்றினார்கள் என்று தெரியாது. அவர்களும் என்னிடம் கேட்கவில்லை. மூன்றின் எண்களையும், எந்த வரிசையில் எத்தனையாவது என்பதையும் பின்பக்கம் எழுதியிருக்கிறேன். கடிதத்தை வாங்கிய கையோடு போய் நிறுத்து. அதிகாரியிடமும் இந்தப் பக்கத்தை முதலில் படித்து இன்றே அனுப்பும்படி சொன்னேன். கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டுதான் சொன்னேன். போன் செய்து படித்துச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார்.

அவ்வளவுதானா என்றால் தெரியாது. பதின்மூன்று வருடத்தில் என்னவெல்லாம் ஒளித்தேன் என்பது எனக்கே மறந்துபோயிருக்கிறது. யாராவது வரைபடத்தை எதிரில் விரித்துவைத்து, இது ஏன், அது ஏன் என்று கேட்டால்தான் ஞாபகம் வரும். கேட்க ஆள் இல்லாமல் செய்துகொண்டது நான்.

உன் பெயரைப் பார்வையாளர் பட்டியலில் சேர்த்துவிட்டேன். வியாழக்கிழமை, இரண்டு மணி. உன் வாய்க் கம்பியை எடுத்த பிறகு வா. வரைபடங்களை எடுத்து வா. நடுவில் தடிமனான கண்ணாடி உண்டு, போனில்தான் பேசவேண்டும். என் கை உன்னை எட்டாது.

முதலில் வரைபடம் வேண்டாம். நவம்பர் பதினேழாம் தேதி நான் கேட்டதற்கு, "ஆமா அண்ணே, ஆனா" என்றாய். அங்கிருந்து தொடங்கு. மிச்சத்தைச் சொல்லி முடிக்கும்வரை நான் வாயைத் திறக்கமாட்டேன்.

ஃபான் தெ-ஷூய்